துருவத்திலிருந்து வந்த ஞாயிறுகள்

புனேவில், ஔந்த் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் நூலகர். குழந்தைகளுக்கான பழைய ஆங்கிலக் கதைகளில் பனி வருகிறவற்றையெல்லாம் ஒரே அடுக்கில் சேர்த்து வைத்திருந்தேன். மார்ச் மாத வெயிலில் விளையாட்டு வகுப்பு முடிந்து முகம் சிவந்து வரும் பிள்ளைகள் நேராக அந்த அடுக்குக்குத்தான் போவார்கள். அவர்களில் பாதிப்பேர் பனியைக் கண்ணால் கண்டதில்லை. ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்தின் மேல் படிவதுதான் அவர்களுக்குத் தெரிந்த பனி. நாலு வருடமாக அந்த அடுக்கை நான் தொடுவதில்லை. என்னோடு வேலை செய்யும் பெண்தான் அதை அடுக்கி வைக்கிறாள். ஏன் என்று அவள் கேட்டதில்லை. பள்ளியில் எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு ஒரு மகள் இருந்தாள். இப்போது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சாவைக் கடைசிவரை ஒளித்து வைத்துப் பேசும் வேலையை ஒருமுறை செய்து முடித்தாயிற்று. இன்னொரு முறை என்னால் ஆகாது.

என் கணவர் வானிலை அலுவலகத்தில் வேலை செய்கிறவர். நாங்கள் இருவரும் பொள்ளாச்சிப் பக்கம். கல்யாணமான புதிதில் புனேவுக்கு வந்தோம், மகள் இங்கேதான் பிறந்தாள். காற்றின் வேகம், ஈரப்பதம், மழையளவு என்று நாள் முழுக்க எண்களோடு இருக்கிற மனிதர், இன்றைக்குத் துணி காயுமா என்று கேட்டால் மட்டும் மொட்டை மாடியைப் பார்த்து முழிப்பார். தென்துருவப் பக்கம் அண்டார்டிகாவில் இருக்கும் நம் ஆய்வு நிலையத்துக்கு ஆள் கேட்டபோது எழுதிப்போட்டார். பத்து வயதிலிருந்தே ஆசை என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டார்.

அங்கே கோடை முடிந்து கடைசிக் கப்பல் கிளம்பிவிட்டால் பிறகு நவம்பர் வரை யாரும் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. அதனால் புறப்படுவதற்கு முன் ஏகப்பட்ட படிவங்கள். அவற்றில் ஒன்றில் என் கையெழுத்தும் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குளிர்காலத்தில் வீட்டில் யாராவது இறந்துபோனால் அவருக்கு உடனே தெரிவிக்கலாமா, அல்லது திரும்பி வரும் வழியில் தெரிவித்தால் போதுமா என்று அதில் கேட்டிருந்தது. இரண்டு கட்டங்கள், ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். எதிரில் இருந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். எப்போதோ ஒருவருக்கு நடுக்குளிரில் வீட்டுச் சாவுச் செய்தி போய், அவர் சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டு, மற்றவர்கள் முறைவைத்துக் காவலிருக்க வேண்டியதாயிற்றாம். வரமுடியாத இடத்தில் இருப்பவரிடம் சொல்லி என்ன பயன் என்று முக்கால்வாசிப் பேர் இரண்டாவது கட்டத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்றார்.

நாங்களும் அதையே தேர்ந்தெடுத்தோம். கொடுத்த டீ ஆறுவதற்குள் முடிவெடுத்துவிட்டோம். அந்தக் கட்டத்தில் டிக் போடும்போது எங்கள் இருவர் மனதிலும் இருந்தவர் என் மாமனார். அவருக்கு இரண்டு தடவை மாரடைப்பு வந்திருந்தது. வீட்டில் சாவு என்றால் அவர் சாவு என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. வேறு யாரும் சாகலாம் என்ற நினைப்பே அந்த அறைக்குள் வரவில்லை. மாமனார் இன்றும் பொள்ளாச்சியில் தினமும் காலையில் நடக்கப் போகிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஊருக்குப் போகும்போது அவர் இருமினால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

மகளுக்கு அப்போது எட்டு முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது. அவளிடம் ஒரு புத்தகம் இருந்தது. புனேவில் அப்பா பல்வந்த் சௌக் என்ற புத்தகக் கடைத்தெருவின் நடைபாதையில் பழைய புத்தகக் குவியலிலிருந்து நான் பொறுக்கிய ஆங்கிலப் புத்தகம். அட்டை கிடையாது, முதல் சில பக்கங்களும் கிடையாது, எழுதியவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. சூரியன் வராத ஒரு பனிநாடு. அங்கே ஒரு மரக்குடிசை. அதில் ஒரு சிறுமியும் ஒரு கிழட்டுக் கரடியும் ஒரு நரியும் பறக்கத் தெரியாத ஒரு பறவையும் நீண்ட இருட்டுக் காலத்தைக் கழிக்கிறார்கள். கதை அவ்வளவுதான். எத்தனை தடவை படித்தாளோ, தையல் விட்டுப்போய் நான் நூலகத்துப் பசையை வைத்து ஒட்டிக் கொடுத்தேன். அப்பா போவது அந்தக் குடிசைக்குத்தான் என்று அவள் தீர்மானித்துவிட்டாள். நாங்களும் ஆமாம் என்றோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரைக்கு அவரிடமிருந்து அழைப்பு வரும். படம் வராது, குரல் மட்டும். நாம் சொல்வது அவருக்குப் போய்ச் சேர ஒரு கணம் ஆகும், அதற்குள் அவரும் பேசத் தொடங்கிவிடுவார், இரண்டு பேச்சும் முட்டிக்கொள்ளும். பின்னால் மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள் என்பதால் கால்மணி நேரம்தான். இணையம் பெயருக்கு உண்டு. ஒரு குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்தாலே அதிர்ஷ்டம்.

பஞ்சாங்கத்தைத் தவிர வேறு எதையும் விரித்துப் படிக்காத மனிதர் என்று நான் அவரைக் கேலி செய்வதுண்டு. அங்கே சூரியன் மறைந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் படிக்கத் தொடங்கினார். முன்பு வந்து போனவர்கள் விட்டுச் சென்ற புத்தகங்கள் நிலையத்தில் ஒரு அலமாரி நிறைய இருந்தன. அவற்றில் சில, பழைய காலத்தில் துருவத்துக்குப் போனவர்களின் நாட்குறிப்புகள். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டவர், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"கண்ணு, உன்ற புஸ்தகத்துல காத்தை அடைச்சு வெச்சிருக்கற வெள்ளைப் பெட்டி வருமில்ல? அதைக் கண்டுபுடிச்சுட்டேன்."

அந்தக் கதையில், குடிசைக்குக் கொஞ்சம் தள்ளி நாலு காலில் ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கும். அதற்குள் காற்று குடியிருக்கும். நரி தினமும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்து, இன்றைக்கு உனக்கு என்ன கோபம் என்று காற்றைக் கேட்டுவிட்டு வரும். அது வெப்பமானி வைக்கிற பெட்டி என்றார் அவர். சுற்றிலும் மரச்சட்டம் போட்டு, வெள்ளை அடித்து, நாலு காலில் நிற்கும். அவருடைய அலுவலகத் தோட்டத்திலும் ஒன்று உண்டு, மகள் பார்த்திருக்கிறாள். அந்தக் காலத்துப் பயணிகள் பனிப்புயலில் வழி தவறாமலிருக்கக் குடிசையிலிருந்து அந்தப் பெட்டிவரை கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு போய்க் குளிரை அளந்து எழுதியிருக்கிறார்கள். என் கணவரும் அங்கே அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கதை எழுதியவர் நாட்குறிப்பைப் படித்துவிட்டு அந்தப் பெட்டியை அப்படியே தூக்கிவந்து, வெப்பமானியை எடுத்துவிட்டுக் காற்றைக் குடிவைத்துவிட்டார்.

"ஓ, அப்ப நீங்கதான் அந்த நரியா?" என்று மகள் கேட்டாள். அவர் சிரித்த சிரிப்பு ஒரு கணம் தாமதித்து வந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கண்டுபிடிப்பு. கதையில் கரடி தூங்கும் பக்கத்துக்கும் மற்றவர்கள் தூங்கும் பக்கத்துக்கும் நடுவே பிஸ்கட் பெட்டிகளை அடுக்கிய சுவர் ஒன்று வரும். நாட்குறிப்பில் அதிகாரிகளுக்கும் மாலுமிகளுக்கும் நடுவே அப்படி ஒரு சுவர் இருந்தது. கதையில் பனியில் மாட்டிக்கொண்ட கப்பல் இரவெல்லாம் அம்மாவைத் தேடி அழும். நாட்குறிப்பில் பனிக்கட்டி இறுக்க இறுக்கக் கப்பலின் மரச்சட்டங்கள் வாரக்கணக்கில் முனகின, கடைசியில் நொறுங்கின. தென்துருவத்தில் கரடி கிடையாது, வடதுருவத்தில் அந்தப் பறவை கிடையாது. "எழுதுனவரு ரெண்டு துருவத்தையும் ஒரே டப்பாவுல போட்டுக் குலுக்கிட்டாரு" என்றார். மகள் ஃப்ரீசர் கதவைத் திறந்து உள்ளே கையை வைத்துக்கொண்டுதான் கேட்பாள். கதைக்குக் குளிர் வேண்டுமாம். பட்டாணியெல்லாம் இளகிப்போகிறது என்று நான் கத்துவேன்.

நூலகராக இருந்தும் இது எனக்குத் தெரியாமல் இருந்தது. கதைப் புத்தகத்துப் பனிநாடெல்லாம் யாரோ கற்பனையில் கண்டது என்றுதான் நினைத்திருந்தேன். துருவத்துக்குப் போனவர்கள் எழுதியதைத் தங்கள் ஊரில் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள், அதிலிருந்து குடிசையையும் விளக்கையும் கயிற்றையும் கப்பலையும் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கறுத்துப்போன கால்விரல்களை விட்டுவிட்டார்கள். பசியை விட்டுவிட்டார்கள். ஜூன் மாதம் ஒருநாள் மகள் அவரிடம், கதையில் வண்டி இழுத்த நாய்களெல்லாம் பாதிப் புத்தகத்தோடு காணாமல் போகின்றனவே, அவை எங்கே போயின என்று கேட்டாள். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

ஆகஸ்ட் மாதம் மழை விட்டு விட்டுப் பெய்தது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று வீட்டில் டெங்கு. புதன்கிழமை மகளுக்குக் காய்ச்சல் வந்தது, வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்ச்சல் இறங்கியது. அவளே எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். நான் ஊருக்கெல்லாம் போன் போட்டு இறங்கிவிட்டது, இறங்கிவிட்டது என்று சொன்னேன். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாள்தான் பயப்பட வேண்டிய நாள் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் ஏறவில்லை. அன்று மாலை நாலரைக்கு அவர் கூப்பிட்டபோது, வார்டுக்கு வெளியே வந்து, தோழியின் பிறந்தநாளுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். சரி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். திங்கட்கிழமை அதிகாலையில் அவள் போய்விட்டாள். டாக்டர்கள் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்ல ஆள் இல்லாததும் ஒரு கொடுமைதான்.

என் கணவரின் அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து விமானம் பிடித்து மத்தியானம் வந்து சேர்ந்தார். அப்பா செய்ய வேண்டியதையெல்லாம் பெரியப்பாவாக அவரே செய்தார். சாயங்காலம் எல்லாம் முடிந்து வந்து, கூடத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். தம்பியிடம் சொல்ல வேண்டும் என்றேன்.

"இத பாரு அம்முணி. அவன் வர முடியுமா? முடியாது. அங்க இருட்டுக்குள்ள உக்காந்துட்டு என்ன பண்ணுவான்? ஒரு புள்ளை போயிருச்சு. அவனையும் கொண்டு போகலாம்னு பாக்கறியா?"

"நாளைக்கு என்னைக் கேப்பாருங்களே."

"கேக்கட்டும். கேக்கறதுக்கு உசுரோட இருக்கட்டும். அவனே எழுதிக் குடுத்திருக்கறான் சொல்ல வேண்டாம்னு. நீயும் கையெழுத்துப் போட்டிருக்கறே."

அலுவலகத்திலிருந்து வந்தவர்களும் அதையேதான் வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். நிலையத்தின் தலைவருக்கு மட்டும் தெரிவித்தார்கள். அதன்பின் மூன்று மாதம் அந்த மனிதர் என் கணவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் என் கணவரும் இருந்தார் என்பதால், துக்கம் பேசுவதற்கு அவர் இல்லாத புதுக் குழு ஒன்றை ஆரம்பித்தார்கள். பழைய குழு ஓய்ந்துவிட்டால் சந்தேகம் வரும் என்று அதில் வழக்கம்போலக் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வந்துகொண்டிருந்தன. மகளின் காரியத்தன்று காலையில்கூட ஒரு சித்தப்பா சூரிய உதயப் படம் போட்டிருந்தார். சொன்ன வேலையைச் செய்தார், பாவம். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நாலரைக்கு போன் அடித்தது. வீட்டில் உறவுக்காரர்கள் இருந்தார்கள். அவர் அண்ணன் விரலை உதட்டில் வைத்து எல்லாரையும் அமர்த்திவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் எடுத்தேன்.

"அவளைக் கூப்புடு, ஒரு பெரிய விசயம் சிக்கியிருக்குது."

"நீச்சல் கிளாஸுக்குப் போயிருக்கறாளுங்க. இப்பத்தான் சேத்துவிட்டேன்."

"ஞாயித்துக்கிழமையிலயா? சரி, நான் சொல்றதை நீ எழுதிக்க. அவகிட்ட அப்படியே சொல்லோணும்."

கைக்குக் கிடைத்தது அவளுடைய ஓவிய நோட்டு. அதில் எழுதினேன். கதையில் குடிசைவாசிகள் இருட்டுக் காலத்தில் நாடகம் போடுவார்கள் இல்லையா, அதுவும் நிஜம்தானாம். தாடிக்கார மாலுமிகள் பெண்வேடம் போட்டு, போர்வையைப் பாவாடையாகச் சுற்றிக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார், படித்தேன். போனை வைத்த பிறகு என் நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஓவிய நோட்டை மூடி அவள் பையில் வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு பொய் தேவைப்பட்டது. கணபதி பார்க்கப் போயிருக்கிறாள் என்றேன். கீழே கணபதி ஊர்வலத்தில் டோல் தாஷா மேளம் அடிக்கிற சத்தம் போனில் கேட்டதால் அதை உடனே நம்பினார். ஜலதோஷம், தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். எதிர்வீட்டுக் காக்குவோடு கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன். மராத்தியில் காக்கு என்றால் சித்தி. அந்தக் காக்கு நல்ல மனுஷி. ஞாயிறு நாலு மணிக்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நான் எந்த இடத்தில் பொய் சொல்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்தது. அந்த இடம் வரும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்.

நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ அவர் பிடிவாதம் பிடித்தார். "என்ற புள்ளை குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு. ஒரே ஒரு ஹலோ சொல்லச் சொல்லு. பக்கத்துலதானே இருக்கறா?"

கைவசம் இருந்த பொய்யெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். "பக்கத்துலதானுங்க இருக்கறா. உங்க மேல கோவம். பொறந்தநாளைக்கு வரமாட்டீங்கன்னு தெரிஞ்சுருச்சு. பேசமாட்டேங்கறா."

 அவர் சிரித்தார். "அப்பனை மாதிரியே அழுத்தக்காரி. இருக்கட்டும், நான் சமாதானம் பண்ணிக்கறேன்."

நான் சொன்ன பொய்களிலேயே மோசமானது அதுதான். மிகவும் வசதியாக இருந்ததும் அதுதான். அதன்பின் அவள் ஏன் பேசவில்லை என்று நான் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவர் அந்த வாரத்திலிருந்து கோபத்தில் இருக்கும் மகளைச் சமாதானம் செய்யக் கதை தேட ஆரம்பித்தார். வேலை முடிந்து மற்றவர்கள் படம் பார்க்கும்போது இவர் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து நாட்குறிப்புகளைப் புரட்டியிருக்கிறார். ஞாயிறு வந்தால் குரலில் ஒரு கெஞ்சல். "ஸ்பீக்கர்ல போடு. பேச வேண்டாம், கேட்டாப் போதும்." நான் ஸ்பீக்கரில் போடுவேன். கூடத்தில் நானும் காக்குவும் இருப்போம். அவர் காலியான அறையைப் பார்த்து, கண்ணு, கேக்கறியா சாமி என்று ஆரம்பிப்பார்.

அக்டோபரில் அவள் பிறந்தநாள் வந்தது. நிலையத்தில் கேக் செய்தார்களாம். எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். எங்கெங்கிருந்தோ வந்த பத்துப் பதினைந்து ஆண்குரல்கள். அதில் அந்தத் தலைவரின் குரலும் இருந்தது, அவருடைய பேச்சை முன்பே ஒருமுறை கேட்டிருந்ததால் எனக்கு அடையாளம் தெரிந்தது. அவரும் சுருதி விடாமல் பாடினார். பாடி முடித்ததும் என் கணவர், "சிரிச்சாளா? மெதுவாச் சொல்லு, அவளுக்குக் கேக்காம" என்றார்.

"லேசாச் சிரிச்சாளுங்க" என்றேன்.

அதற்கடுத்த வாரம் ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னார். நாய்களைப் பற்றித் தெரிந்துவிட்டது என்றார். வண்டி இழுத்துத் தளர்ந்துபோன நாய்களை ஒவ்வொன்றாகச் சுட்டு மற்ற நாய்களுக்குப் போட்டிருக்கிறார்கள், மனிதர்களும் தின்றிருக்கிறார்கள். இன்னொன்றும் சொன்னார். கதையில் கிழட்டுக் கரடி, போய்ச் சூரியனைக் கூட்டி வருகிறேன் என்று குடிசையை விட்டுக் கிளம்பும். மற்றவர்கள் விளக்கேற்றிக் காத்திருப்பார்கள், கடைசிப் பக்கத்தில் அது சூரியனோடு திரும்பி வரும். மகளுக்கு மிகவும் பிடித்த இடம் அது. நாட்குறிப்பில், நோயில் கிடந்த ஒருவர் மற்றவர்களுக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்று கூடாரத்தை விட்டுப் பனிப்புயலுக்குள் இறங்கிப் போயிருக்கிறார். அவர் திரும்பி வரவில்லை. காத்திருந்தவர்களும் பிழைக்கவில்லை.

"இதெல்லாம் அவகிட்டச் சொல்லிராதே. நாய்களையெல்லாம் கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிச்சுட்டாங்கன்னு சொல்லு. பச்சைப் புள்ளை, சாவைப் பத்தியெல்லாம் இப்ப எதுக்கு."

சரிங்க என்றேன். என் மகளுக்குச் சாவைப் பற்றித் தெரியக்கூடாது என்று அவளுடைய அப்பா என்னிடம் கேட்டுக்கொள்கிறார். அந்த நிமிடம் சொல்லிவிட வாயெடுத்தேன். காக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறுக்கினார். அந்த முனையில் வரிசையில் நின்ற யாரோ கதவைத் தட்டினார்கள், அவர் வைத்துவிட்டார். கதை எழுதினவர்கள் மேல் அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. செத்தவனைச் சூரியனோடு திருப்பி அனுப்ப இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பது வேறு விஷயம்.

நவம்பர் கடைசியில் முதல் விமானம் அங்கே இறங்கியது. தென்னாப்பிரிக்காவில் துறைமுக நகரம் ஒன்றுக்கு வந்து சேர்ந்ததும், படிவத்தில் எழுதியிருந்தபடி, தலைவர் அவரைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றிரவு அவர் கூப்பிடுவார் என்று போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. வருகிற விமானத்தின் நேரம் மட்டும் குறுஞ்செய்தியாக வந்தது.

விமான நிலையத்துக்கு நான் ஒருத்தியாகத்தான் போனேன். தாடி மார்புவரை வளர்ந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார், பிறகு மறுபடி எடுத்துக்கொண்டார். டாக்ஸியில் விமான் நகர் சிக்னலில் வெகுநேரம் நின்றோம். ஆபீஸ் விட்ட நேரம், வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. வழிநெடுக அவர் சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பல மாதம் வெள்ளையை மட்டும் பார்த்த கண்ணுக்கு இதெல்லாம் எப்படி இருக்கும் என்று ஏதோ நினைத்துக்கொண்டேன். எதையாவது நினைக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து குளித்தார். சாப்பாட்டைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து கூடத்தில் சோபாவில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன்.

"என் மேல கோவமா இருந்தாளா?" என்றார். அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"இல்லீங்க. அது நான் சொன்ன பொய். அப்ப அவ இல்லீங்க."

தலையாட்டினார். அதை அவரும் விமானத்தில் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார். நீச்சல், கணபதி, ஜலதோஷம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பொய் என்றேன். சிரிச்சாள் என்றாயே என்றார். அதுவும் பொய் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. தினமும் அந்தப் பெட்டியைத் திறந்து எண் எழுதுகிறவர் அல்லவா, அதே நிதானத்தோடு கேட்டுக்கொண்டே போனார். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அவரும் சேர்ந்துதானே அந்தக் கட்டத்தில் டிக் போட்டார் என்று கத்தியிருப்பேன். அதற்கு இடமே கொடுக்கவில்லை.

பிறகு கேட்டார். "அந்த முதல் ஞாயித்துக்கிழமை, பொறந்தநாளுக்குப் போயிருக்கறான்னு சொன்னியே. அன்னைக்கு அவ உசுரோட இருந்தா."

"ஆமாங்க."

"செத்தாச் சொல்ல வேண்டாம்னுதான் எழுதிக் குடுத்தோம். காய்ச்சல்னா சொல்ல வேண்டாம்னு எழுதிக் குடுக்கலையே. எந்திரிச்சு உக்காந்து இட்லி கேட்டாளாமே, அண்ணன் சொன்னாரு. போனைக் கொண்டுபோய் அவ கையில குடுத்திருந்தா நான் பேசியிருப்பேன். ஏன் குடுக்கலை?"

இதற்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு பதில். நடந்தது அதுதான். நாலரைக்குப் போன் அடித்ததும் நான் அவளிடம்தான் நீட்டினேன். அவள் கையில் ஊசி ஏற்றியிருந்ததால் மற்றக் கையால் தள்ளிவிட்டாள். காய்ச்சல்னு சொல்லாதம்மா, அப்பா அப்புறம் மருந்து சாப்ட்டியான்னே கேட்டுட்டு இருப்பாரு, கதை சொல்ல மாட்டாரு, அடுத்த சண்டே பேசறேன்னு சொல்லு என்றாள். நான் வார்டுக்கு வெளியே வந்து, அவள் சொல்லச் சொன்னபடி ஏதோ ஒன்றைச் சொன்னேன். அதை அப்படியே, அவள் சொன்ன வார்த்தைகளிலேயே அவரிடம் சொன்னேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அத்தனை ஞாயிறும் அவர் கேட்டது என் குரலை மட்டும்தான்.

"இதாவது நெசமா?" என்றார்.

"நெசந்தானுங்க" என்றேன். ஒவ்வொரு ஞாயிறும் போனில் எந்தக் குரலில் பேசினேனோ, அதே குரலில்தான் அதுவும் வந்தது.